எடை குறைந்த மடிக்கணினியா, திறன் மிகுந்த மடிக்கணினியா? கட்டட வரைவுப் பணிக்கு ஆலோசனை தேவை

வரைபலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறேன்; அலுவலக நேரத்துக்குப் பின் சிறிய வீடுகளுக்கான வரைபடங்களைத் தனியாகவும் செய்து தருகிறேன். இப்போதுள்ள மடிக்கணினி பழையதாகிவிட்டதால் புதிய ஒன்றை வாங்கியே ஆக வேண்டிய நிலையில், இரண்டு கணினிகளுக்கு இடையே முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

முதலாவது, 14 அங்குலத் திரையும் ஏறத்தாழ 1.2 கிலோ எடையும் கொண்டது. இன்டெல் கோர் அல்ட்ரா 7 258வி செயலியும் 32 ஜிபி ரேமும் இருக்கின்றன. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இரண்டாவது, 16 அங்குலத் திரையுடன் 2.4 கிலோ எடை கொண்டது. அதிக மின்சாரத்தில் இயங்கும் எச்எக்ஸ் வகைச் செயலி, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் ஆகியவற்றோடு, ரேமைக் கூட்டிக்கொள்ள ஓர் இடமும் காலியாக உள்ளது. விலையில் பெரிய வேறுபாடு இல்லாததால், பணத்தைக் காரணம் காட்டி ஒன்றைத் தள்ளிவிடும் வசதிகூட எனக்கு வாய்க்கவில்லை.

அன்றாடம் நான் பயன்படுத்தும் வரைவு மென்பொருள்கள் ஆட்டோகேட், ரெவிட், ஸ்கெட்ச்அப். வாடிக்கையாளருக்கு வீட்டின் தோற்றத்தைக் காட்டுவதற்காக என்ஸ்கேப் என்ற மென்பொருளில் ரெண்டர் (வரைந்த மாதிரியிலிருந்து நிஜம்போன்ற படம்) எடுப்பதும் உண்டு. ஆனால் அது வாரத்தில் ஓரிரு இரவுகளில், வீட்டில் மேசைமுன் அமர்ந்து செய்யும் வேலை. பகலில் கட்டுமானத் தளத்துக்கும் வாடிக்கையாளர் வீடுகளுக்கும் பேருந்திலேயே போகிறேன். பல நாட்கள் பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டே பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டில் மேசைக்கணினி இல்லை.

எடை குறைந்த கணினி என் வேலைக்குத் தாங்குமா? அல்லது திறன் மிகுந்ததை வாங்கிவிட்டு, நாளடைவில் அதை வீட்டிலேயே விட்டுச் செல்லும் நிலை வருமா? உடன் பணியாற்றுவோர், “பிற்காலத்தை நினைத்து அதிகத் திறனுள்ளதையே வாங்குங்கள்” என்கிறார்கள். இதே துறையில் இருப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நிழற்கோடு எழுதியது:

எந்தெந்த வேலையைச் செய்கிறீர்கள் என்பதோடு, எந்த வேலையை எங்கே அமர்ந்து செய்கிறீர்கள் என்பதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். முடிவு இந்த இரண்டாவது விவரத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மின்இணைப்பு இல்லாத இடத்தில் செய்யும் வேலைகளில் மிகக் கடினமானது எதுவோ, அதைச் சிரமமின்றிச் செய்யும் கணினியைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் செய்யும் கனமான வேலைக்கு வேறு வழிகள் உண்டு. பேருந்தில் சுமக்கும் எடைக்கு வேறு வழியே கிடையாது.

முதலில் மென்பொருள்களைப் பார்ப்போம். ஆட்டோகேட்டில் இரு பரிமாண வரைபடம் என்றால் இரண்டு கணினிகளுமே போதும், அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. ரெவிட் சற்று வேறு வகை. சுவரை நகர்த்துவது, காட்சியைத் திறப்பது, அட்டவணையைப் புதுப்பிப்பது போன்ற அதன் பெரும்பாலான வேலைகள் செயலியின் ஒரே கோரில் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளில் ஒன்றில்) நடப்பவை. பல கோர்களையும் ஒருசேரப் பயன்படுத்தும் வேலைகள் குறைவு. ஆகவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகமும், கட்டடத்தின் முப்பரிமாண மாதிரி முழுவதையும் ஏற்றிவைக்கும் அளவுக்கு ரேமும் இருப்பதே அங்கே முதன்மையானது. அந்த வகையில் முதலாவது கணினியின் 258வி செயலி குறைந்த மின்சாரத்தில் இயங்கினாலும் தனிக்கோர் வேகத்தில் சோடை போகாது. சிறிய வீடுகளின் மாதிரிகளுக்கு 32 ஜிபியும் தாராளம்.

என்ஸ்கேப்பில்தான் கதை மாறுகிறது. அது முழுக்க முழுக்க கிராபிக்ஸ் கார்டை நம்பி இயங்கும் மென்பொருள். வீரே என்ற ரெண்டர் மென்பொருளாக இருந்தால் செயலியைக் கொண்டும் ரெண்டர் எடுக்கலாம், நேரம் கூடுதலாகும் என்பதோடு முடிந்துவிடும். என்ஸ்கேப்பில் அந்த மாற்று வழி இல்லை. செயலியோடு இணைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, அது கணினியின் ரேமிலிருந்தே தனக்கான பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முதலாவது கணினியை வாங்குவதானால், நீங்கள் வைத்திருக்கும் என்ஸ்கேப் பதிப்பின் தேவைப் பட்டியலைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

அடுத்து, கார்டின் பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மடிக்கணினிகளில் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் வருபவை எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அந்தக் கார்டுக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதைக் கணினியின் தயாரிப்பாளரே தீர்மானிக்கலாம் என்று கார்டின் சில்லை உருவாக்கும் என்விடியா வரம்பு வகுத்திருக்கிறது. மெல்லிய உடலில் அடைக்கப்பட்ட 4060, தடித்த உடலில் முழு மின்சாரமும் பெறும் 4060க்குப் பின்தங்கியே இருக்கும். முன்பு மேக்ஸ்-க்யூ என்ற பின்னொட்டைப் பார்த்தாவது இந்த வேறுபாட்டை ஓரளவு ஊகிக்க முடிந்தது. இப்போது தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் வாட் அளவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவை எங்குமே குறிப்பிடாத கணினியை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

செயலியிலும் இதே குழப்பம் உண்டு. இன்டெல்லின் 13ஆம் தலைமுறையில் யு என்றால் 15 வாட், எச் என்றால் 45 வாட், எச்எக்ஸ் என்றால் 55 வாட் என்று செயலிப் பெயரின் இறுதி எழுத்தைக் கொண்டே அடிப்படை மின்னளவைச் சொல்லிவிடலாம். கோர் அல்ட்ரா வந்தபின் அந்த ஒழுங்கும் போய்விட்டது. 155எச் என்ற செயலியின் அடிப்படை அளவு 28 வாட்தான். உங்கள் பட்டியலில் உள்ள 258விக்கு அது 17 வாட்.

இந்த எண்களைப் பார்த்து, மூன்று மடங்கு மின்சாரம் வாங்கும் செயலி மூன்று மடங்கு வேகமாக ஓடும் என்று நினைத்துவிட வேண்டாம். அதிர்வெண்ணை உயர்த்த வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். செலவாகும் மின்சாரமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால் வேகத்தின் கடைசிச் சிறு பகுதியைப் பெறுவதற்கே மின்சாரத்தின் பெரும்பகுதி செலவாகிறது, அது முழுவதும் வெப்பமாக வெளியேறியும் ஆக வேண்டும். இரண்டாவது கணினியின் கூடுதல் எடையில் கணிசமான பங்கு அந்த வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாய்களுக்கும் விசிறிகளுக்கும் பெரிய பேட்டரிக்கும் உரியது.

இன்னொன்று: பேட்டரியில் ஓடும்போது அந்தக் கனமான கணினியும் தன் முழுத் திறனைத் தராது. கார்டும் செயலியும் சேர்ந்து கேட்கும் மின்சாரத்தைப் பேட்டரியால் தொடர்ந்து கொடுக்க முடியாது என்பதால் கணினியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே தளத்தில் அந்தக் கூடுதல் எடையைச் சுமந்தாலும் அதற்குரிய வேகம் அங்கே கிடைக்கப்போவதில்லை.

தோள்பை எழுதியது:

நிழற்கோடு அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விளம்பரத்தில் எழுதியிருக்கும் எடையில் சார்ஜரின் எடை சேராது. 1.2 கிலோ கணினிக்கு 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் போதும். அது உள்ளங்கையில் அடங்கிவிடும், கைபேசிக்கும் அதையே பயன்படுத்தலாம். ஆர்டிஎக்ஸ் கார்டு உள்ள கணினியோடு பெரும்பாலும் 200 வாட்டைத் தாண்டிய, செங்கல் போன்ற சார்ஜர் வரும். அதைச் சேர்த்தால் உங்கள் 2.4 கிலோ 3 கிலோவை எட்டிவிடும். ஆக, தோளுக்கு ஒன்று மற்றொன்றைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். ஆனால் எச்எக்ஸ் செயலி, மேசைக்கணினிச் செயலியின் சில்லையே மடிக்கணினிக்கு ஏற்றவாறு பொருத்தியது. சும்மா இருக்கும்போதும் அது சற்றுக் கூடுதலாகவே மின்சாரம் குடிக்கும். போதாக்குறைக்குப் பின்னணியில் ஏதேனும் ஒரு மென்பொருள் தனிக் கார்டை உறங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தால், பேட்டரி உச்சிவேளையைத் தாண்டாது. பெரிய பேட்டரி வைத்துச் சரிசெய்யவும் எல்லை உண்டு: விமான நிறுவனத்தின் தனி அனுமதி இல்லாமல் பயணிகள் கொண்டுசெல்லக்கூடிய அளவு 100 வாட்-மணி என்பதால், மிகப் பெரிய மடிக்கணினிகளின் பேட்டரியும் 99 வாட்-மணி அளவிலேயே நின்றுவிடுகிறது.

நின்றுகொண்டே பயணம் செய்பவருக்கு நான் இரண்டாவதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வெப்பமானி எழுதியது:

மேலே உள்ள இருவரும் எடையின் பக்கம் சாய்ந்துவிட்டதால், மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். அவர்கள் சொன்ன விவரங்களை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து வந்தடைந்த முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் காரணம் ரேம். 258வி செயலியில் ரேம் தாய்ப்பலகையில்கூட இல்லை, செயலியின் பொதிக்குள்ளேயே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. 32 ஜிபிதான் அந்த வரிசையின் உச்ச வரம்பு. வாங்கிய பிறகு யாராலும் எந்தக் காலத்திலும் அதைக் கூட்ட முடியாது. இன்று சிறிய வீடுகளை மட்டும் வரைகிறீர்கள். நாளை ஓர் அடுக்குமாடிக் கட்டடம் வந்து, அதன் அமைப்பியல் மாதிரியையும் குழாய், மின்கம்பி மாதிரிகளையும் ரெவிட்டில் இணைத்துத் திறக்க நேர்ந்தால், அதோடு கிராபிக்ஸும் அதே ரேமில் பங்கு கேட்டால், 32 ஜிபி நெருக்கடியாகிவிடும். இரண்டாவது கணினியில் இன்றுள்ள 16 ஜிபி போதாது என்பது உண்மையே. ஆனால் காலியாக உள்ள இடத்தில் இன்னொரு 16 ஜிபியைப் பொருத்துவது மிக எளிய வேலை, பின்னாளில் அதற்கு மேலும் போகலாம்.

இரண்டாவது காரணம், வாடிக்கையாளர் முன் நிகழும் உரையாடல். என்ஸ்கேப்பின் பயனே, “இந்தச் சன்னலைச் சற்று அகலமாக்கினால் எப்படி இருக்கும்?” என்று அவர் கேட்கும்போது அங்கேயே மாற்றிக் காட்டுவதில் இருக்கிறது. படங்களை மட்டும் இரவில் எடுத்து மறுநாள் காட்டுபவருக்கு அந்தத் தேவை இல்லாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் இரவில் மட்டும் ரெண்டர் எடுப்பது உங்கள் தொழில் முறையாலா, பழைய கணினி அதற்கு மேல் இடம்கொடாததாலா என்பதை யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் வீட்டில் பிளக் இருக்கும். கட்டுமானத் தளத்தில் இருப்பதைப் போன்ற தடை அங்கே இல்லை.

கார்டின் நினைவகத்தைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. மடிக்கணினிக்கான 4060இல் இருப்பது 8 ஜிபி. மரங்கள், அறைகலன்கள், உயர் தெளிவுள்ள மேற்பரப்புப் படங்கள் ஆகியவற்றை நிறைத்து வைத்த காட்சி அந்த 8 ஜிபியைத் தாண்டினால், மிஞ்சியவற்றைக் கணினியின் ரேமிலிருந்து இழுத்துவர வேண்டியதாகி வேகம் சட்டென்று சரியும், சில வேளைகளில் மென்பொருளே மூடிக்கொள்ளும். எனவே ஆர்டிஎக்ஸ் கணினியை வாங்கினாலும் காட்சியைச் சிக்கனமாக அமைக்கும் பழக்கம் வேண்டும். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே நியாயம்.

என் பரிந்துரை உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று. 14 அங்குலத் திரையும் 1.6 முதல் 1.8 கிலோ வரை எடையும் கொண்டு, தனி கிராபிக்ஸ் கார்டோடு வரும் கணினிகள் இருக்கின்றன. அவற்றில் கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் குறைவாகவே இருக்கும், விசிறிகள் சிறியவை என்பதால் ஓசையும் கூடும், ரேம் பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இத்தனை குறைகளுக்குப் பிறகும், குறைந்த வாட்டில் ஓடும் தனிக் கார்டு உங்கள் அளவிலான காட்சிகளுக்கு இணைந்த கிராபிக்ஸைவிட மிக மேலானது. நிழற்கோடு சொன்ன அதே மின்னழுத்தக் கணக்கு இங்கே உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும்: மின்சாரம் பாதியாகும்போது வேகம் பாதிக்கு இறங்குவதில்லை.

வரைபலகை எழுதியது:

விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. வெப்பமானி அவர்களின் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. இரவில் மட்டும் ரெண்டர் எடுப்பதற்குப் பழைய கணினி ஒரு காரணம்தான். ஆனால் என் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு அமர்ந்து, அச்சிட்ட படங்களைக் கைமாற்றிப் பார்த்துப் பேச விரும்புகிறவர்கள். திரையைச் சுற்றி எல்லோரையும் நிறுத்தி மாற்றிக் காட்டும் வழக்கம் எனக்கு வருமென்று தோன்றவில்லை.

நேற்று ரெவிட்டில் என்னிடம் உள்ள மிகப் பெரிய மாதிரியைத் திறந்து வைத்து, ஆட்டோகேட்டையும் உலாவியையும் வழக்கம்போல் இயக்கியபடி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். ரேம் பயன்பாடு 14 ஜிபியை ஒட்டியே இருந்தது. ஆகவே 32 ஜிபி சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்று நம்புகிறேன்.

இப்போது என் மனத்தில் உள்ள வழி வேறு. எடை குறைந்த கணினியை வாங்கிக்கொண்டு, ரெண்டருக்கு மட்டும் வீட்டில் ஏதேனும் ஓர் ஏற்பாடு செய்யலாமா? மடிக்கணினியோடு வெளியிலிருந்து இணைக்கும் கிராபிக்ஸ் பெட்டி, அல்லது பழைய மேசைக்கணினி ஒன்றை வாங்கி அதில் கார்டைப் பொருத்துவது, இவற்றில் எது நடைமுறைக்கு உகந்தது?

நிழற்கோடு எழுதியது:

இரண்டும் நடக்கும், மேசைக்கணினியே மேல் என்பேன்.

வெளிப்பெட்டி, தண்டர்போல்ட் என்ற அதிவேகக் கம்பி இணைப்பு வழியாக இணைவது. தண்டர்போல்ட் 4இன் மொத்த வேகம் நொடிக்கு 40 கிகாபிட். அதில் கார்டுக்கான தரவுக்குக் கிடைப்பது 32 கிகாபிட் அளவே. மேசைக்கணினியின் பலகையில் நேரடியாகப் பொருத்திய கார்டுக்கு இதைப் போல் பல மடங்கு அகலமான பாதை உண்டு. காட்சியை ஒருமுறை ஏற்றிவிட்டு ஒரே படத்தை நெடுநேரம் கணக்கிடும் ரெண்டருக்கு இந்தக் குறுகல் அவ்வளவாக உறுத்தாது; என்ஸ்கேப்பில் வீட்டுக்குள் நடப்பதுபோல் நகர்ந்து பார்க்கும்போது தெரியும். பெட்டி, அதற்கான மின்வழங்கி, கார்டு என்று மூன்றுக்கும் செலவழித்த பிறகு, அந்தத் தொகை ஓர் எளிய மேசைக்கணினியின் விலையை நெருங்கிவிடும் என்பதையும் பாருங்கள்.

மேசைக்கணினி என்றால் மாதிரிக் கோப்பை அதற்கு மாற்றி அங்கேயே ரெண்டரைத் தொடங்கிவிட்டு, மடிக்கணினியில் வேறு வேலை பார்க்கலாம். வெளியிலிருந்தே அதை இயக்க விரும்பினால் ஒரு சிறு விவரம்: விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒரு கணினிக்குள் நுழைய வேண்டுமானால், நுழையப்படும் கணினியில் ப்ரோ பதிப்பு இருக்க வேண்டும், ஹோம் பதிப்பு அதை ஏற்காது. மடிக்கணினியில் எந்தப் பதிப்பு இருந்தாலும் பரவாயில்லை. மற்றபடி, இவ்வாறு இயக்கும்போது திரையின் படம் வீட்டிலிருந்து வெளியேறுவதால், உங்கள் வீட்டு இணைய இணைப்பின் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ரெண்டரைத் தொடங்குவதற்கும் முடிந்ததா என்று எட்டிப் பார்ப்பதற்கும் இந்த ஏற்பாடு தாராளமாகப் போதும். அதன் வழியே கோடு வரைய முயன்றால் சுட்டி கைக்குப் பின்னாலேயே வருவதுபோல் இருக்கும்.

வெளியில் தவறாமல் ரெண்டர் எடுக்கும் தேவை உள்ளவருக்கு வெப்பமானி அவர்கள் சொன்ன இடைப்பட்ட வகையே பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் இப்போது விவரித்ததைப் பார்த்தால் உங்களுக்கு அது தேவைப்படாது.

வெப்பமானி எழுதியது:

14 ஜிபி என்ற எண்ணைப் பார்த்தபின் ரேம் பற்றிய என் ஆட்சேபத்தை விலக்கிக்கொள்கிறேன். மேசைக்கணினி வரப்போகிறது என்றால் 1.2 கிலோ கணினியே சரி. ஒரு நிபந்தனை மட்டும்: பழைய மேசைக்கணினியை வாங்குமுன் அதன் மின்வழங்கி எத்தனை வாட் என்பதையும், கார்டுக்கான தனி மின்இணைப்பு அதிலிருந்து வருகிறதா என்பதையும், பெட்டிக்குள் கார்டின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்பதையும் திறந்து பார்த்துவிடுங்கள். அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் சிறிய பெட்டிகளில் இந்த மூன்றுமே பல நேரங்களில் இருப்பதில்லை.

மடிக்கணினி கைக்கு வந்ததும், திருப்பித் தருவதற்கான காலக்கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய சோதனையும் ஒன்று உண்டு. உங்கள் பெரிய மாதிரியை ரெவிட்டில் திறந்து, காட்சிகள் அனைத்தையும் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். முதலில் பிளக்கில், பிறகு பேட்டரியில். இரண்டு முறையும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் நேரம் பெரிதும் கூடினால், விண்டோஸின் மின் அமைப்பில் பேட்டரிக்கான நிலையை மாற்றிவிட்டு மீண்டும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் அது அந்தக் கணினியின் தயாரிப்பாளர் வகுத்த வரம்பு. அந்தக் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே செயலியோடு வரும் வேறு நிறுவனத்தின் கணினியைத் தேடலாம்.